கழுத்தில் நிற்காத நஞ்சு

பிச்சாவரத்தில் படகு ஓட்டுபவர்களிடம் கேட்டால் தில்லை மரத்தைக் காட்டுவார்கள். காட்டிய கையோடு, "கிளையை ஒடிச்சிடாதீங்க, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று எச்சரிப்பார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம் அது. நச்சுப் பால் சுரக்கும் மரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர், அதை எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று பழகி வைத்திருக்கிறது. அந்த ஊரில் ஆடிக்கொண்டிருப்பவனும் ஆலகாலத்தை விழுங்கியவன்தான். உமையவள் கை வைத்துப் பிடித்ததால் அது கழுத்தோடு நின்றுபோனதாகப் புராணம்.

நம் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் எதுவும் நிற்காது. அவள் விழுங்கியது, முகர்ந்தது, தோல் வழியாக ஊறியது எல்லாம் ரத்தத்தில் கலக்கும். அதில் பெரும்பாலானது வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் போய்ச் சேரும். இதை மாசமாக இருக்கும் பெண்ணுக்காக நான் எழுதவில்லை. அவளுக்குப் புத்தி சொல்ல ஊரே திரண்டு நிற்கிறது. இதைத் தின்னாதே, அதைத் தொடாதே, இப்படிப் படுக்காதே என்று கேட்டுக் கேட்டு அவள் காது புளித்திருக்கும். அவளுடைய புருஷனுக்கு, மாமியாருக்கு, மருந்துக் கடைக்காரருக்கு, அவளிடம் வேலை வாங்கும் மேஸ்திரிக்குத்தான் சொல்ல ஆளில்லை. கழுத்தைப் பிடிக்க வேண்டிய கை உங்களுடையது. தயவுசெய்து இன்றைக்கே பிடியுங்கள்.

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் கிழவிகள், பிள்ளை பிறந்த சேதி வந்ததும் அடுத்தபடியாகக் கேட்பது, "நஞ்சு விழுந்துடுச்சா?" என்பதுதான். அது உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கே எமனாகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பத்து மாதம் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்புக்கு நம் மொழியில் நஞ்சு என்று பெயர். பிள்ளையை அதோடு பிணைப்பது நஞ்சுக்கொடி. படித்த மருத்துவ உலகமோ 1960 வரைக்கும் அதை ஒரு மதில் என்றே பெரும்பாலும் நம்பிக்கொண்டிருந்தது. தாயின் உடம்பில் என்ன கெடுதல் இருந்தாலும் நஞ்சு அதைப் பிள்ளைப் பக்கம் விடாது என்று நினைத்தார்கள்.

மேற்கு ஜெர்மனியில் 1957இல் தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் அது நன்றாகக் கேட்கிறது என்று பல நாடுகளில் கர்ப்பிணிகள் விழுங்கினார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள்; அதை விழுங்கிய தாய்மாருக்கு ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கையும் காலும் குறைபட்டுப் பிறந்தார்கள். அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி இருந்தார். கொடுத்த ஆதாரம் போதாது என்று அவர் கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பியதால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. அந்த மாத்திரை கெடுத்தது கரு உண்டான மூன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடைப்பட்ட நாட்களில். நாள் தள்ளிப் போயிருக்கிறதா, கணக்கில்தான் பிசகா என்று பெண்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரே ஒரு மாத்திரை போதுமாக இருந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கிரகணத்தன்று புள்ளத்தாச்சியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். ஜன்னலுக்குப் போர்வை கட்டுகிறோம். அரிவாள்மனையைத் தொடாதே, காயை நறுக்காதே என்று காவல் இருக்கிறோம். அந்தச் சூரியனும் சந்திரனும் அவள் வயிற்றுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதே அறையில், அதே அடைத்த ஜன்னலோரம் உட்கார்ந்து பீடி இழுக்கும் புருஷன் செய்கிறான். நிகோடின் நஞ்சுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கும். நாள் முந்திப் பிறக்கும். சில சமயம் பிறக்கும்போதே உயிர் இருக்காது. பிறந்த பிறகும் தொட்டிலைச் சுற்றிப் புகை இருந்தால், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் அபாயம் கூடுகிறது. "நான் வாசல்லதானே பிடிக்கிறேன்" என்று சொல்லும் தம்பி, கொஞ்சம் கேள்: வாசல் புகை உள்ளே வர அனுமதி கேட்பதில்லை. நீ விட்டுவிடுவதுதான் வழி. முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடு. புகையிலையை நிறுத்த உதவுவதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. இன்றிரவு கூப்பிடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதே.

புகைக்காத புகையிலையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எங்கள் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கம் நடவு நடும்போது மடியில் சுருக்குப்பை இல்லாத பெரியம்மாவைப் பார்ப்பது அரிது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை. பசியை அடக்கும், இடுப்பு வலியை மறக்கடிக்கும், சேற்றுக் குளிருக்கு இதம். பக்கத்தில் குனிந்து நடும் மருமகளுக்கும் ஒரு வாய் நீட்டுவார்கள், பாசத்தில்தான் நீட்டுவார்கள். வாயில் அடக்கிய போயிலையிலிருந்தும் அதே நிகோடின்தான் இறங்குகிறது. புகை இல்லாததால் பிள்ளைக்கு அதன் தீங்கு குறைந்துவிடுவதில்லை. ஹான்ஸும் கூல் லிப்பும் குட்காவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை செய்யப்பட்டவை. தடைக்குப் பிறகும் அவை எப்படிக் கிடைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் வளைகாப்புத் தட்டில் வைக்கிற பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. பாக்கு மெல்லும் வழக்கமுள்ள நாடுகளில், அதை ஓயாமல் மெல்லும் தாய்மாருடைய பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதையும் கண்டிருக்கிறார்கள். தட்டில் வையுங்கள், மங்கலம்தான். அவள் வாயில் திணிக்காதீர்கள்.

அதே தட்டில் குங்குமப்பூ டப்பாவும் இருக்கும். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். இன்னும் சிலர் அதே ஆசையில், பழத்தில் செய்ததுதானே என்று ஒரு மடக்கு வைன் குடிக்கச் சொல்கிறார்கள். கறுப்பு நம் மண்ணின் நிறம். அதை மாற்றும் ஆசையில் பிள்ளையின் மூளையோடு விளையாடுகிறீர்கள். தாய் குடித்த மது சற்று நேரத்தில் பிள்ளையின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். அதைக் கரைத்து வெளியேற்றும் வேலையைச் செய்யப் பிள்ளையின் ஈரல் இன்னும் தயாராகவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள், குடித்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் சிறுத்த தலை, பள்ளமில்லாமல் தட்டையான மேலுதடு, படிப்பில் தேறாத மூளை என்று ஒரே மாதிரி அடையாளங்களைக் கண்டு அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். இவ்வளவு வரை குடிக்கலாம் என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

"எங்க ஊர்ல பொம்பளைங்க குடிக்க மாட்டாங்க" என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து இறந்த 60க்கும் மேற்பட்டோரில் பெண்களும் இருந்தார்கள். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் உடம்பு வலி தாங்காமல் குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேவலமாகப் பார்த்தால் செவிலியரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும். வெகுநாளாகத் தினமும் குடிப்பவள் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே மலிவாகக் குடித்துவிட்டு வந்து, ஏழு மாத வயிற்றுக்காரியைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் ஆண்களுக்கு எந்த மருத்துவப் புத்தகமும் தேவையில்லை. ஓங்கிய கையும் பள்ளத்தில் விழுந்த வண்டியும் கருவுக்குச் செய்வதை அறிய ஆராய்ச்சி வேண்டுமா?

மருந்துக் கடை அண்ணன்களே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. "இடுப்பு வலிக்கு ஒரு மாத்திர குடுங்கண்ணே" என்று யார் வந்து கேட்டாலும், ஒரு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. கேட்பது பெண் என்றால், அல்லது பெண்ணுக்காக வந்த புருஷன் என்றால், "மாசமா இருக்காங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? புரூஃபனும் டைக்ளோபினாக்கும் ஐந்தாம் மாதத்துக்கு மேல் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரை வற்றச் செய்யக்கூடும். கடைசி மாதங்களில் பிள்ளையின் இதயத்தருகே பிறந்த பிறகு மூட வேண்டிய குழாயை முன்னதாகவே மூடிவிடவும் கூடும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் அவற்றைவிடக் கொடியது. கருக்கலைப்பு மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்பது பெருங்குற்றம். பாதி கலைந்து பாதி தங்கினால் தாய் ரத்தப் போக்கில் சாகலாம். கலையாமல் பிழைத்த கரு ஊனப்படலாம். கரு வேண்டாம் என்று முடிவு செய்த பெண்ணுக்கு 1971ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் பாதுகாப்பாகவே செய்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது, அது பயத்தில் பிறப்பது. மாசமானதும் எல்லா மாத்திரையையும் குப்பையில் போட்டுவிடுவது. வலிப்பு, தைராய்டு, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை மருந்துகளைச் சொல்லாமல் நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே கேடு. மாற்ற வேண்டியவற்றை மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் அப்படி மாற்ற வேண்டிய ஒன்று. அதைக் கர்ப்பத்தில் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் பத்தில் ஒன்று உறுப்புக் குறையோடு பிறக்கிறது; பத்தில் மூன்று நான்கு பேருக்கு அறிவு வளர்ச்சி தடைப்படுகிறது. மாற்ற வேண்டிய நேரம் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது. பிள்ளை உண்டான பிறகு அல்ல. வலிப்பை மறைத்துக் கல்யாணம் முடிக்கும் பெற்றோர் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

பிள்ளை நிற்கவில்லை என்று பஸ்பமும் செந்தூரமும் தேடி ஓடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் ஈயமும் பாதரசமும் சேர்த்துப் புடம் போட்ட மருந்தை, யார் புடம் போட்டார், எப்படிப் போட்டார் என்றே தெரியாமல் பொட்டலத்தில் வாங்கி விழுங்குவதைப் பழிக்கிறேன். 2011, 2012இல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மூலம் தேடிப் போனபோது இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மருந்துகளில் வந்து முடிந்தது. ஈயத்தை நஞ்சு துளியும் தடுப்பதில்லை. வருடக்கணக்கில் எலும்பில் படிந்திருந்த ஈயம்கூட, பிள்ளைக்காகத் தாயின் எலும்பு கால்சியத்தை விட்டுக்கொடுக்கும்போது அதோடு சேர்ந்து இறங்கிவிடும். மின்னும் மஞ்சள் நிறத்துக்காக ஈயச் சாயம் பூசிய மஞ்சளும், பெயர் தெரியாத கண்மையும் இதே கணக்கில் சேரும்.

அடுப்பு மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி, திருநீறு என்று ரகசியமாகத் தின்னும் பெண்ணைக் கண்டால் அடிக்கவோ கேலி செய்யவோ வேண்டாம். அவள் ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். இரும்புச் சத்து மாத்திரை 180 நாளும் தொண்டைக்குள் போகிறதா, பரணில் சேருகிறதா என்று பாருங்கள். டீயோடு விழுங்கினால் பாதி வீண்.

கடலோரத்துக்காரர்களுக்கு மீனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது வழக்கம். சுறா கடலில் மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் மீன். சின்ன மீன்களில் துளித் துளியாக இருக்கும் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. நிலக்கரி எரியும் ஆலைகளிலிருந்து காற்றில் ஏறும் பாதரசமும் மழையில் இறங்கி ஒருநாள் கடலுக்குத்தான் போகிறது. இது என்ன செய்யும் என்பதை ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவர் ஊர் 1956இல் உலகுக்குக் காட்டியது. அங்கே ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாக மனிதருக்கு ஏறியது. தாய்மார் பலர் பெரிதாக நோய் காட்டாமல் நடமாடினார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளோ கழுத்து நிற்காமல், பேச்சு வராமல், கை கால் முறுக்கிக் கிடந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு விஷம் போகாது என்று மருத்துவம் அப்போதும் சாதித்துக்கொண்டிருந்தது. 1962இல்தான் அந்தப் பிள்ளைகளின் நோய் வயிற்றிலேயே வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பின்னாளில் மசாசுமி ஹராடா என்ற மருத்துவர் அதற்குச் சான்று தேடி வீடு வீடாகப் போனபோது, தாய்மார் பெட்டிகளில் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்த தொப்புள்கொடிகளை எடுத்துக் கொடுத்தார்கள். ஜப்பானிலும் அந்த வழக்கம் உண்டு. நம் ஊரில் வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுகிறோமே, அதே கொடி. அந்தக் காய்ந்த துண்டுகளில் பாதரசம் இருந்தது. பாதரசம் தாயின் ரத்தத்தைவிடப் பிள்ளையின் தொப்புள் ரத்தத்தில் கூடுதலாகவே சேரும் என்று இன்று தெரியும்.

இதைப் படித்துவிட்டு மீனையே நிறுத்திவிடாதீர்கள். அது இன்னொரு தீங்கு. பிள்ளையின் மூளைக்கு மீனைப் போல நல்ல உணவு குறைவு. மத்தி, நெத்திலி, காரப்பொடி, சங்கரா என்று சின்ன மீனாக வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். பெரிய சுறாவை மட்டும், வயிற்றில் இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தள்ளி வையுங்கள். பால் ஊறுவதற்குப் பிள்ளை அடிக்கடி சப்புவதைவிடப் பெரிய மருந்து இல்லை. இந்தப் பத்தியைக் கடலூர் துறைமுகத்தில் யாராவது படித்தால் என்மேல் கோபப்படுவார்கள் என்று தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள், பச்சையாங்குப்பம் தாண்டியதும் ஜன்னலை இழுத்து மூடுவார்கள்; குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் வரை மூக்கில் முந்தானை இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் வாசனை. 1980களில் உப்பனாற்றங்கரையில் வந்த ரசாயன ஆலைகளின் வரிசை அது. 2004இல் அங்கிருக்கும் கிராமத்தார்களே வாளியில் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். பிறகு நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு, அந்தக் காற்றைச் சுவாசித்து வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பைவிட 2000 மடங்காவது அதிகம் என்று கணக்கிட்டது. அது 2008இல் செய்தித்தாள்களில் வந்தது. பேருந்தில் போகிற நமக்குப் பத்து நிமிஷ முந்தானை போதும். அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்குப் பத்து மாதத்துக்கும் முந்தானைதான். அவளிடம் போய் "காற்றைச் சுவாசிக்காதே" என்று அறவுரை சொல்ல எனக்கு வாயில்லை. ஆலை முதலாளிகளுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்கிறேன்: உங்கள் புகைபோக்கி ஒரு தாயின் நஞ்சில்தான் போய் முடிகிறது. இரவு இரண்டு மணிக்குத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். வாந்தி எடுத்துக்கொண்டு விழித்திருக்கும் ஒருத்திக்குத் தெரியும்.

விறகடுப்பும் சளைத்ததல்ல. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் 2010 முதல் 2015 வரை தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். காற்றில் நுண்தூசி கூடக் கூடப் பிறக்கும் பிள்ளையின் எடை இறங்குவதைக் கண்டார்கள். பிறகு நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நமக்குப் பக்கத்து விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் உருளையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளைகளின் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. அடுப்பு வந்தபோது அவர்களுக்கு ஏறக்குறைய நாலு மாதம் ஆகியிருந்தது. தாமதமாக வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். என் தங்கை மகளுக்கு நான் சொல்வேன்: கேஸ் அடுப்பைச் சீரோடு கொண்டு போ, சீமந்தத்துக்குக் காத்திருக்காதே.

காலம்தான் இந்த விஷயத்தில் எல்லாம். கருவின் முதுகுத்தண்டு நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். அது மூடாமல் பிறக்கும் பிள்ளைகளைத் தடுக்கும் போலிக் அமில மாத்திரையைக் கல்யாணமான மாதமே தொடங்க வேண்டும். முன்பு அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடம் பிரிட்டன் மருத்துவர்கள் நடத்திய சோதனையில், அதிக அளவு போலிக் அமிலம் அந்தக் குறையை நான்கில் மூன்று பங்கு அளவுக்குத் தடுத்தது என்று 1991இல் தெரிந்தது. நம் சட்டமோ வேறு கணக்குப் போட்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம், பிரசவத்துக்கு முந்தைய சில வாரங்களில் கடினமான வேலை கொடுக்காதே என்றது. உறுப்புகள் உருவாகும் முதல் இரண்டு மாதத்தைப் பற்றி மேஸ்திரிக்கு யார் சொல்வது? பண்ருட்டி முந்திரிக் காட்டில் பூச்சிமருந்து அடித்த சட்டையை அவளிடமே துவைக்கப் போடுகிறீர்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோப்புகள்மீது இருபது வருடத்துக்கு மேல் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அந்தக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகளின் படங்களை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வேறு பெயரில் வேறு டப்பாக்கள் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. மருந்து கலப்பது, அடிப்பது, அந்தத் துணியை அலசுவது மூன்றையும் ஆண்களே செய்யுங்கள். வரப்பிலேயே குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். அடித்த வயலில் களையெடுக்க அவளை அனுப்பாதீர்கள்.

வெயிலும் ஒரு நஞ்சுதான். தமிழ்நாட்டில் 2017இல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைக் கவனித்த ஆய்வில், வயல், உப்பளம், செங்கல் சூளை என்று கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம், நிழலில் வேலை செய்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கத்திரி வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை அவளை நிழலில் உட்கார வைப்பதால் எந்த நடவும் கெட்டுப்போகாது. தண்ணீர்ப் பானையும் கழிவறையும் பக்கத்தில் இருந்தால் அவள் தாகத்தை அடக்க மாட்டாள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நேற்றுவரை போயிலை போட்ட பெண்ணோ, தெரியாமல் ஒரு மாத்திரை விழுங்கிய பெண்ணோ நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. குறையோடு பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கும் காரணம் யாருடைய தப்பும் இல்லை. புகையிலையை எட்டாம் மாதத்தில் விட்டாலும் பிள்ளைக்கு லாபம்தான். குறையோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், "இவ என்னத்தத் தின்னாளோ" என்று ஆரம்பிக்கும் நாக்கு எந்த வீட்டில் நீண்டாலும், அதே வீட்டின் பீடிக் கட்டையும் மருந்து டப்பாவையும் முதலில் தேடிப் பாருங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் செவிலியரம்மா இருப்பார். அதற்கு முந்தின இரவு வீட்டில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி, சாமி மாடம், தலையணை அடி, மாமியாரின் சுருக்குப்பை என்று தேடி, மாத்திரை அட்டை, பஸ்பப் பொட்டலம், எண்ணெய்ப் புட்டி, கண்மை, வயலில் அடிக்கும் மருந்தின் பெயர் எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் அதில் போடுங்கள். அவளைத் தனியே அனுப்பாமல் நீங்களும் போய், பையைச் செவிலியரம்மாவின் மேசையில் கொட்டுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று அவர் பிரித்துக் கொடுப்பார். அவரால் முடியாததற்கு 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு காமராஜர் மருத்துவமனையும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. சட்டைப் பையிலிருக்கும் பீடிக் கட்டையும் மறக்காமல் அந்தப் பையில் போட்டுவிடுங்கள்.